பாத்தியில் தண்ணீர் நின்ற வரை

செல்போன் திரையில் என் முகம் கறுப்பாகவும், எனக்குப் பின்னால் எல்லாமே வெள்ளையாகவும் தெரிந்தது. மறுமுனையில் இருந்த பெங்களூர் அதிகாரி அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உங்களுக்குப் பின்னால என்னங்க அது, பனியா?" என்று தமிழிலேயே கேட்டார். உப்பு என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. மரக்காணம் உப்பளத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய வரப்பில் நின்றால்தான் படம் உறையாமல் ஓடும். அதனால் என் நேர்காணல்கள் எல்லாம் உப்புக் குவியல்களுக்கு முன்னால்தான் நடந்தன. தலையில் கூடையோடு வரும் பெண்கள் என்னைக் கண்டதும், "கலெக்டரம்மா பேசுறாங்க, ஓரமா போங்கடி" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கூடைக்காரிகளில் என் அம்மாவும் இருப்பாள். அவள் மட்டும் என் பக்கம் திரும்பாமல் போவாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு தானாக நிமிர்கிறது. வேதியியல் படித்தேன். மருந்துக் கம்பெனி ஆய்வகங்களில் பெங்களூரில் நிறைய வேலை இருக்கிறது என்றார்கள். இருந்தது. ஆனால் பாடத்தில் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்தபின் ஒவ்வொரு கம்பெனியும் கடைசியாக ஒன்றைக் கேட்டது: இப்போது பெங்களூரில்தான் இருக்கிறீர்களா? வேலை என்று சொல்லுங்கள், அந்த வாரமே வந்துவிடுகிறேன் என்பேன். வந்தபிறகு கூப்பிடுங்கள் என்பார்கள். அப்பா போனபின் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அவளோ, "ஆர்டரை கையில வாங்கினு போ" என்பாள். அங்கே இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அங்கே போகலாம். கோடை முழுவதும் இப்படியே கழிந்தது. யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அசதி கொஞ்சம் குறைந்திருக்கும்.

பனியா என்று கேட்டாரே, அவருடைய கம்பெனி மட்டும் என்னை இரண்டாவது முறையும் கூப்பிட்டுப் பேசியது. ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். வாரங்கள் போயின. அப்போதுதான் மாமா அந்தக் காரியத்தைச் செய்தார்.

மாமா அம்மாவின் தம்பி. உப்பு லாரியில் லோடுமேன், கர்நாடகம் வரைக்கும் போய்வருவார். எங்கள் அளத்தில் புது ஆள் தனியாகப் போய் வேலை கேட்கிற வழக்கம் இல்லை. வீட்டு மனிதர் ஒருவர் கூடவே போய் மேஸ்திரி முன்னால் நின்று, "நம்ம வூட்டுப் புள்ள, நான் பொறுப்பு" என்று சொல்லவேண்டும். அப்படி எனக்காக யாரும் போய் நிற்காததுதான் கோளாறு என்று மாமா முடிவு கட்டியிருக்கிறார். பெங்களூருக்குப் போன ஒரு நாள், லோடு இறக்கின கையோடு, நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிப் பெயரை வைத்து வழி கேட்டுக் கேட்டு அதன் வாசலுக்கே போய்விட்டார். லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு போனேன் என்று பெருமையாக வேறு சொன்னார். காவலாளி உள்ளே விடவில்லை. ஆபீஸ் விடும்வரை வெளியிலேயே நின்று, அந்தப் பக்கமாக வந்த ஒரு அதிகாரி அம்மாவிடம் என் பெயரைச் சொல்லி, தானே பொறுப்பு என்றிருக்கிறார். அவரும் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்கு ஆள் எடுத்து நாளாகிவிட்டதாம். எடுத்தது பக்கத்துத் தெருவில் தங்கியிருந்த ஒரு பெண்ணையாம்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் என்ன கூடை தூக்கவா போகிறேன், உன்னை யார் அங்கே போய் நிற்கச் சொன்னது என்று கத்தினேன்.

மாமா கோபப்படவில்லை. "நீ வரப்புல நின்ன, நான் வாசல்ல நின்னேன். ரெண்டு பேருக்கும் கால்தான் வலிச்சுது பாப்பா" என்றார்.

அவர் போனது சரி என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. என் படிப்புக்கு நானே கேட்டு வாங்கவேண்டிய பதில் அது. ஆனால் அந்தப் பதில்தான் அம்மாவை அசைத்தது. அங்கே இருக்கிறவளுக்குத்தான் அங்கே வேலை என்று மாமா சொன்னபோது, அம்மா கால் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் உப்பு விளையும் பாத்திகள் முழுகி, அளத்தில் வேலை நின்றபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனி தை வரைக்கும் ஊரே சும்மா குந்தியிருக்கப் போவுது. நீயும் அங்க போய்த் தேடு. யாரும் கேக்க மாட்டாங்க. தண்ணி வடிஞ்சி, உப்பெடுக்கத் தரைய இறுக்கிப் பாத்தி மிதிக்க ஆரம்பிச்சாங்கன்னா வந்துடணும். அப்புறம் வரப்புல ஒவ்வொருத்தியும் உம் பொண்ணு எங்கன்னு கேப்பாளுங்க. என்னால பதில் சொல்லினு இருக்க முடியாது."

கல்லூரியில் எனக்கு முன்னால் படித்த ஒரு அக்காவின் அறையில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. பெங்களூர் முகவரி வந்துவிட்டது. இப்போது அனுபவம் கேட்டார்கள், கன்னடம் கேட்டார்கள். பேருந்து மாறி மாறிப் போய், கண்ணாடி அறைகளுக்கு வெளியே உட்கார்ந்து, இருந்த ஒரே நல்ல சுடிதாரைத் துவைத்துத் துவைத்து அதன் நிறமே போய்விட்டது. ஞாயிறுதோறும் அம்மாவைக் கூப்பிடுவேன். வேலையைப் பற்றி அவள் கேட்குமுன் பாத்தியைப் பற்றி நான் கேட்டுவிடுவேன். "இன்னும் தண்ணி நிக்குது" என்பாள். பொங்கல் போனது, தை முடிந்தது. "இந்த வருசம் மழை ஜாஸ்தி, வடிய மாட்டேங்குது" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அந்த மழைக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

மாசியில் ஒரு நாள் மாமா லாரியிலிருந்து பேசினார். "லோடு உங்க ஊருக்குத்தான் வருது. புது உப்பு பாப்பா, பூ மாதிரி இருக்குது" என்றார். புது உப்பு வண்டி ஏறவேண்டுமென்றால் பாத்தியை மிதித்துப் பல வாரம் ஆகியிருக்கவேண்டும். பாத்தியில் இன்னும் தண்ணி நிற்கிறது என்று அம்மா சொன்னாளே என்றேன். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பிறகு, "நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடாத" என்றார்.

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் தண்ணி நிற்கிறது என்றாள். அவள் பேச்சுக்குப் பின்னால் உப்பு வாரும் சத்தமும், வரப்பில் பெண்கள் சிரிக்கிற சத்தமும் நன்றாகவே கேட்டன. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் அவள் தினமும் என்ன பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இதுவரை அவளும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். சின்ன இடம். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் என்று பெரிதாக வரவில்லை, தூக்கம்தான் வந்தது. தூங்குமுன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டாள், சாப்பாட்டுக்கு எங்கே போவாய் என்று கேட்டாள்.

"சரி" என்றாள். "இங்கயும் தண்ணி வடிஞ்சிடுச்சு."