ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி

சிறுவர் நாவல் ஒன்றை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பொய். பஸ் போர்டையே பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிற ஆள் நான். இதைக்கூடப் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. நாவலைப் படித்தது ஏழாவது படிக்கும் என் மகள். நான் சாமான் ஏற்றும் என் மீன்பாடி வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். எழுத்தாளர் ஆட்களை எப்படிக் காட்டுகிறார் என்று அவள் வகுப்பில் சொல்ல வேண்டுமாம்.

"இதுல ஏழைன்னு ஒரு எடத்துல கூட எழுதலை பா. அம்மா சோறு போடுறப்ப கரண்டி பானை அடியில உரசுற சத்தம் வருது. அப்பால அந்த சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. அவ்ளோதான் எழுதிக்கீது."

"கரண்டிக்கு எண்ணெ போடச் சொல்லு," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில் கால்வாய் ஓரம். அந்த வாரம் கால்வாய் ஓர வீடுகளை எடுக்க அரசாங்கத்திலிருந்து அளக்க வந்தவர்கள் கதவுக்குக் கதவு சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நம்பர் விழுந்தால் வீடு போகும், ஊர்க்கோடிக்கு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று ஏற்கெனவே அழுதவள் மகள். அவள் பார்க்கக் கூடாது என்று, வண்டிக்கு அடித்து மிச்சமிருந்த நீலத்தை நம்பர் மேல் பூசினேன். பக்கத்து வீட்டு நம்பரைக் காட்டி, நமக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். "நம்ப கதவைத் தொட்டா வுயுந்துடும்னு பயந்து வுட்டுட்டாங்க," என்றேன்.

பிறகுதான் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் சொன்னார். எல்லா வீட்டையும்தான் இடிப்பார்கள். நம்பர் உள்ள கதவுக்கு மட்டும்தான் மாற்று வீடு. ஊரார் வீடு மாறினால் சாமான் ஏற்றுகிறவன், என் வீட்டுச் சாமானை இறக்க இடமில்லாமல் நானே செய்துகொண்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஜோக் மட்டும் நிற்காமல் வந்தது.

கதையில் ஓர் அப்பா வந்தார். மகள் வாசித்தாள்: அப்பாவின் சிரிப்பு, கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்த சட்டி.

"அலுமினிய சட்டியா, மண்சட்டியா?"

"ஓட்டை எங்க கீதோ அங்கதான் சட்டி வெப்பாங்க. அந்த ஆளு எங்க சிரிக்கிறாரோ, அங்க இன்னாவோ கஷ்டம் கீது. சொல்லாமயே சொல்றாங்க பா." புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "நீ கூட இந்த வாரம் ரொம்ப ஜோக்கு வுடுற. நமக்கு எங்க ஒழுகுது?"

துணி என் கையிலேயே நின்றுவிட்டது. பீரோவை ஏற்றிக்கொண்டு பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறேன். அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. புத்தகத்தைப் படித்த அதே கண்ணால் என் மூஞ்சியைப் படிக்கிறாள். ஜோக் சொன்னாலும் மாட்டுவேன், சொல்லாவிட்டாலும் மாட்டுவேன். "கண்ணு, நம்ப கதவுல..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்தேன். அவள்...

இருங்கள், பெண்டாட்டி கூப்பிடுகிறாள்.

"யோவ், போன்ல இன்னா பேசிக்கினு கீற? அளக்குறவங்க வந்து நம்ப கதவாண்ட நிக்குறாங்க, நம்பர் எங்கன்னு கேக்குறாங்க. உன் பொண்ணு தனியா பதில் சொல்லிக்கினு கீது. வாய்யா."