வட்டத்துக்குள் வந்தவர்

எலுமிச்சை வாசம் வந்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. எலுமிச்சை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. போன மாதம் கோலசிலாங்கூரில் கிராமியக் கலை மாலை என்று அழைத்திருந்தார்கள். ராவாங்கிலிருந்து அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குளிரூட்டிய மண்டபம். மூலைக்கு மூலை ஒரு சின்னப் பெட்டி புஸ், புஸ் என்று எலுமிச்சையைத் துப்பிக்கொண்டிருந்தது. மேடையில் நான்கு இளைஞர்கள் தப்பைத் தோளில் மாட்டி நின்றார்கள். குச்சி தோலில் படவே இல்லை. அடி ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். அப்போதும் அடி விழுந்துகொண்டே இருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா, "ஏர்கோன் நல்லாத்தான் இருக்கு லா" என்றாள்.

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் இருந்ததை வாசம் என்று சொல்ல முடியாது. அது நாற்றம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் உடம்பைவிட்டுப் போகாத, உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் வீச்சம். அதற்கு மேல் தேங்காய் எண்ணெய், கள், பிள்ளைகளின் மூத்திரம். வெளியே தென்னமட்டையைக் கொளுத்தி ஆறுமுகம் மாமா தப்பைக் காய்ச்சுவார். தோல் சூடேறும்போது ஒரு வாடை வரும் பாருங்கள், மிருகம் திரும்ப உயிர் பெற்று மூச்சு விடுகிற மாதிரி. நான் கவிதை எழுதுகிற ஆள். கொஞ்சம் விட்டால் எல்லாவற்றையும் நிலவில் தோய்த்து எடுத்துவிடுவேன். இதைத் தோய்க்க மனம் வரவில்லை. நாறியது, அவ்வளவுதான்.

அந்தச் சிமெண்டுத் தரையில்தான் சம்பள வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கும்மியடிப்பார்கள். பதினைந்து வயதில் எனக்கும் வட்டத்தில் இடம் கிடைத்தது. தாளம் எனக்கு எப்போதும் அரைக்கை தாமதம். "இவ நேத்துத் தட்ட வேண்டியத இன்னிக்குத் தட்டுறா, விடுங்கடி" என்பாள் பாக்கியம் அத்தை. அப்பாவின் தங்கை, பாட்டெடுத்துக் கொடுப்பவள். குரல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருக்கும். ஆனால் சொல் உடனே வரும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாமி பாட்டு, மாமன் மச்சான் பாட்டு எல்லாம் முடிந்ததும் அத்தை ஆளைப் பாடுவாள். பெயர் சொல்ல மாட்டாள், அடையாளம் மட்டும். அடுத்தவள் கொடியில் சேலை காயப்போட்டவள், கள்ளுக்கடையிலிருந்து வருகிற வழியில் லொங்காங் சாக்கடையில் விழுந்து அதையே மெத்தை என்று நினைத்துத் தூங்கியவர். பாடப்பட்டவர் எழுந்து வட்டத்துக்குள் வந்து, எல்லார் முன்னாலும் ஒரு சுற்றுக் கைதட்ட வேண்டும். அதோடு தீர்ந்தது. மறுநாள் யாரும் அதைப் பேசக் கூடாது. வராவிட்டால்? வரும்வரை தப்பு நிற்காது, கும்மியும் நிற்காது.

அப்போது அக்காவுக்குப் பதினெட்டு. மரம் சீவப் போன முதல் வருடம். தினமும் விடியலில் பெரட்டு நடக்கும். ஆள் கணக்கெடுத்து, யாருக்கு எந்த நிரை மரம் என்று கங்காணி, அதாவது எங்கள் மண்டோர், பிரித்துக் கொடுப்பார். அக்காவுக்கு மட்டும் தொடர்ந்து கடைசி நிரை, ஆற்றோரம், கூப்பிட்டால் கேட்காத தூரம். கொஞ்ச நேரத்தில் மண்டோரின் மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் போகும். சீவுவதைச் சரிபார்க்கிறேன் என்று கத்தி பிடித்த கையைப் பிடிப்பாராம். ஒருநாள் விடவில்லை. அக்கா பால் வாளியை அவர் மேல் கொட்டிவிட்டு ஓடி வந்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதடி. வேல போனா லயத்து வீடும் போயிரும். நாலு பேரு எங்க போய் நிப்போம்?"

நானும் அன்றைக்குக் கேட்டது அதைத்தான், வீடு போய்விடுமா என்று. அக்கா மறுநாளும் அதே கடைசி நிரைக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மண்டோர் முன்வரிசைப் பிரம்பு நாற்காலியில் இருந்தார். மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கியிருந்தார். கெட்டியான பாலைச் சட்டையிலிருந்து உரிக்க முடியாது. சட்டை புதியதாக இருந்தது. அத்தை ஒரு சுற்று சும்மா தட்டினாள். பிறகு எடுத்தாள்:

கடைசி நிரை காட்டுக்குள்ளே
கன்னி ஒருத்தி தனியாப் போறா
மோட்டாரு சைக்கிள் ஏறிக்கிட்டு
மீசப் பூன ஏன் வருது?

முதல் சுற்றில் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் சிரிப்பு நின்றது. மண்டோர் கூரையைப் பார்த்துச் சிகரெட் பற்றவைத்தார். ஆறுமுகம் மாமா அடியை மாற்றவில்லை. சுற்றுகிறோம், சுற்றுகிறோம், உள்ளங்கை சிவந்து எரிகிறது. எனக்கு எதிரில் அக்கா, தலையைக் குனிந்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ, "எந்திரிங்க மண்டோரே, பொம்பளைங்களுக்குக் கை வலிக்குதுல்ல?" என்றார்கள்.

பாயில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள் மண்டோரின் மனைவி. பிள்ளையைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்தாள். எழுந்து வட்டத்துக்குள் வந்து நடுவில் நின்றாள். அவள் கைதட்டவில்லை. அவரைப் பார்த்து, "வாங்க. இல்லாட்டி வீட்டுக்கும் வராதீங்க" என்றாள்.

வந்தார். ஒரு சுற்று தட்டினார். சத்தமே வரவில்லை, ஈரத்துணியை ஈரத்துணியில் அடிப்பது போல. தப்பு நின்றது.

திங்கட்கிழமை பெரட்டில் அக்காவுக்கு அத்தையின் நிரைக்குப் பக்கத்து நிரை கிடைத்தது. மோட்டார் சைக்கிள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சுற்றுக் கைதட்டினால் தீர்கிற குற்றமா அது? அவர் மண்டோராகவே இருந்தார். எங்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்தார். நாங்கள் வணக்கம் வைத்தோம். வழக்கப்படி நாங்களும் அதைப் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எச்சில் கசக்கிறது. ஆனால் அவர் எழுந்து வந்தார். எழுந்து வர வைக்க முடிந்தது.

சரி, எலுமிச்சைக்கு வருகிறேன்.

மேடையில் கும்மி தொடங்கியது. ஒரே நிறச் சேலை, ஒரே பூ, ஒரே புன்னகை. பாட்டில் ஒற்றுமை வாழ்க, பண்பாடு வாழ்க. அறிவிப்பாளர், "இப்போது நமது சிறப்பு விருந்தினர் வட்டத்துக்குள் வந்து நம்மைச் சிறப்பிப்பார்" என்றார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். என் முழங்கையைப் பிடித்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்: "இவரு என்னடி பண்ணாரு?"

முன்வரிசைப் பெண் திரும்பி, "தெரியாதா ஆன்ட்டி? இந்த ஏர்கோன் பூராவும் அவரு ஸ்பான்சர் லா" என்றாள்.

அவர் என்ன பண்ணினார் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தை வாங்கியவர். லயத்தையும் அந்த நாறிய மண்டபத்தையும் இடித்து மாடிவீடுகள் கட்டி விற்றவர். லயத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வீடு என்று மேடை போட்டுச் சொன்னவர். பாக்கியம் அத்தை அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டே, மகளின் வாடகை அறையில் செத்தாள்.

அவர் சிரித்தபடி ஏறினார். கைதட்டினார். நன்றாகச் சத்தம் வந்தது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன, ஒரு பெண் அவர் நெற்றியில் சந்தனம் வைத்தாள். மூலைப் பெட்டி மறுபடி புஸ் என்று எலுமிச்சையைத் துப்பியது. அக்கா கையை மடியில் வைத்து, விரல்களால் மெதுவாகத் தாளம் போட்டாள். உதடு அசைந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று.

அவள் எடுப்பதற்குள் பாட்டு தானாக முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் போட்ட பதிவுக்கு அவ்வளவுதான் நீளம். நான்கு தப்புக்காரர்களும் குச்சியைக் கீழே இறக்கினார்கள்.