அளவு பிசகாத படம்

சிக்கோ வியர்செமாவுக்கு வயது அறுபத்தொன்று. குரோனிங்கன் நகராட்சியில் முப்பத்துநான்கு வருடம் வரைபடம் வரைந்தவர். ஊரின் சைக்கிள் பாதைகளில் பாதி அவர் மேசையில் பிறந்தவை. அதனால் அவற்றின் விதிகளெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்தார். ஒருவழிப் பாதையில் எதிரே போவார். சிவப்பு விளக்கில் நிற்கமாட்டார். கையை லேசாக உயர்த்துவார், கார்க்காரன் நின்றுவிடுவான். நிற்காமல் என்ன செய்வான்? இடித்தால் பழி அவன் தலையில். சைக்கிள்காரன் மேலேயே தப்பு என்றாலும் நஷ்டத்தில் பாதியாவது கார்க்காரன் தலையில் என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை சிக்கோ மழைக்கோட்டைப் போல மாட்டிக்கொண்டு திரிந்தார்.

"எனக்குக் கண்ணு இருக்கு. விளக்கெல்லாம் கண்ணில்லாதவங்களுக்கு" என்பார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன்" என்பாள் மனைவி ஹில்யா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊரின் தெற்கு எல்லையில் இருக்கும் புதிய சந்திப்பில், ஒரு பள்ளி வேன் அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டியது. சக்கரம் எட்டாக வளைந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு இருந்த கண்ணை அந்த ஒரு நிமிடம் அவர் பயன்படுத்தவே இல்லை. குறுக்குத் தெருவில் இரண்டு சைக்கிள்கள் நகர்ந்தன. அதைப் பார்த்து இவரும் மிதித்தார். அந்த ஊர்க்காரர்கள் எவரும் அதைத்தான் செய்வார்கள். நகருக்குள் பெரும்பாலான சந்திப்புகளில் எல்லாப் பக்கத்துச் சைக்கிள்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழும். பக்கத்துத் தெருக்காரன் மிதித்தால் நாமும் மிதிக்கலாம். மந்தையில் ஓர் ஆடு கிளம்பினால் போதும்.

ஆனால் ஆடு என்று தன்னை அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? "பார்த்தேன். பச்சை" என்றார் மருத்துவமனையில். அதையே போலீஸிடமும் சொன்னார். மூன்றாம் தடவை சொன்னபோது அவருக்கே பச்சை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வேன் ஓட்டிய ஃபென்னா வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் காப்பீட்டுக்கான விபத்துப் படிவம். அதை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"மோய்" என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னாள் வாசலில்.

"மோய். உள்ள வா. காப்பி இருக்கு" என்றாள் ஹில்யா.

ஃபென்னா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "கை எப்படி இருக்கு?"

"உடைஞ்சிருக்கு" என்றார் சிக்கோ.

"படிவம் போய்ச் சேர்ற வரைக்கும் என்னை வேன்ல ஏத்தமாட்டாங்க. எம்மேல தப்புன்னு எழுதினா அப்புறம் எப்பவுமே இல்ல. என் வேன்ல வர்ற மூணு பிள்ளைங்களும் சக்கர நாற்காலிப் பிள்ளைங்க. வேற ஆள் வந்தா ஏறமாட்டேன்னு அழுவுதுங்க."

"சட்டம் நான் போட்டதில்லம்மா."

"எனக்குப் பச்சை, வியர்செமா சார்."

"எனக்கும் பச்சை."

"ரெண்டு பேருக்கும் பச்சைன்னா அந்த விளக்கைத்தான் ஜெயில்ல போடணும்" என்றாள் ஹில்யா.

படிவத்தில் நடந்ததை வரைந்து காட்ட ஒரு கட்டம் இருந்தது. ஃபென்னா இரண்டு கோடுகளைக் குறுக்கே இழுத்து, நடுவில் ஒரு பெட்டியும் ஒரு வட்டமும் போட்டாள்.

சிக்கோ எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன இது? கல்லறைச் சிலுவையா?"

"சந்திப்பு."

"இது சந்திப்பா? நடுத்திட்டு எங்க? நிறுத்தக்கோடு எங்க? இதைப் பார்த்து எவனுக்கு என்ன புரியும்? வேற படிவம் இருக்கா?"

அவள் இன்னொன்று வைத்திருந்தாள். அவர் பேனாவையும் அடிக்கோலையும் எடுத்து, கட்டுப்போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டார். அடியில் நகல் விழும் தாள், அழுத்தி எழுதவேண்டும். அழுத்தினார். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டார். கார்ப் பாதை, சைக்கிள் பாதை, நடுத்திட்டு, விளக்குக் கம்பங்கள். காப்பி ஆறியது. வேலையில் இருந்த நாட்களின் திமிர் விரலுக்குத் திரும்பியிருந்தது. வேனை அதன் இடத்தில் வைத்தார். தன்னைத் தன் இடத்தில் வைத்தார். பிறகு, எவரும் கேட்காமலே, சந்திப்பின் நடுவில் இரண்டு சின்னச் சைக்கிள்கள்.

"இவங்க யாரு?" என்று கேட்டாள் ஃபென்னா.

"போய்க்கிட்டிருந்தாங்க. முன்னாடி போனவ மஞ்சள் கோட்டு போட்டிருந்தா. விட்டுட்டா படம் முழுசாகாது."

"எந்தப் பக்கமா போனாங்க?"

"கிழக்க." அம்பு போட்டார்.

"நானும் கிழக்கதான் போனேன்."

"தெரியுது. போட்டிருக்கேனே."

"அப்ப அவங்க பச்சைதான் என் பச்சை. நீங்க தெற்க போனீங்க."

"சைக்கிளுக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அந்தச் சந்திப்பின் வரைபடத்தை நான்கு வருடத்துக்கு முன் போட்டதே அவர்தான். அங்கே அந்தந்தத் தெருக் கார்களோடுதான் சைக்கிளுக்கும் பச்சை. அதைக் காட்டும் சின்ன அடையாளத்தைக்கூட விளக்குக் கம்பத்தின் அடியில் இப்போது, பழக்கத்தில், சுத்தமாகப் போட்டிருந்தார்.

அவர் சைக்கிள்கள் மேல் பேனாவைக் கொண்டுபோனார்.

"அடிச்சாலும் அடியில நகல் இருக்கு" என்றாள் ஹில்யா.

"படம் சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"சரிதான். எங்கயும் பிசகு இல்ல. கையெழுத்து?" என்றாள் ஃபென்னா.

போட்டார். பெயருக்குக் கீழே, குழந்தைக்குச் சொல்வதுபோல ஹில்யா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், 'எனக்குச் சிவப்பு' என்று எழுதினார். "அப்பவும் நஷ்டத்துல பாதி உங்க பக்கம்தான் விழும்" என்றார் படிவத்தைத் தள்ளி.

"பாதி விழட்டும். வேன் கெடைச்சாப் போதும்." ஃபென்னா ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு வேன் கிடைத்தது. அதை ஹில்யாவுக்கு ஃபோனில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஹில்யாவின் அண்ணன் லாமர்ட்டுக்குப் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிக்கோ கட்டுப்போட்ட கையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன். ஆனா அந்தப் பொண்ணோட வேலை போயிடுமே. நானே வரைஞ்சு குடுத்தேன், எனக்குச் சிவப்புன்னு."

"உன்னை மாதிரி ஆயிரத்துல ஒருத்தன்தான்" என்றான் லாமர்ட், மனம் உருகி.

"அப்ப ரெண்டு லட்சம் பேர் இருக்கற இந்த ஊருக்குள்ளயே இவரை மாதிரி இருநூறு பேர் இருக்காங்க" என்றாள் ஹில்யா. "ரோட்டைக் கடக்கவே பயமா இருக்கு."