வாய் நிறையத் தண்ணீர்

எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது என் கணவரின் முழங்கால். படி ஏறும்போது நறநறவென்று சத்தம் வருகிறது என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்ததால், ஒரு நாள் காலையில் கடையைத் திறக்காமல் அவரை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அங்கே எங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் உள்ளே விட்டுவிட்டார்கள். ஏன் என்று நான் சும்மாதான் கேட்டேன். நான் சும்மா கேட்டாலே தெருமுனை வரை கேட்கும். தேனி பஜாரில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடையின் கல்லாவில் உட்கார்ந்து, லாரிச் சத்தத்துக்கு மேலே விலை சொல்லிப் பழகிய குரல்.

டாக்டரம்மாவே எழுந்து வெளியே வந்துவிட்டார். சின்ன வயசு. "சத்தம் போட்டது நீங்களா? வாங்க, முதல்ல உங்களைப் பார்ப்போம்" என்று உள்ளே கூட்டிப்போய் என் கையில் பட்டையைச் சுற்றினார். சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் சுற்றினார்.

"உப்பைக் குறைங்க. தினமும் நடங்க. நல்லாத் தூங்குங்க. கோபத்தைக் குறைங்க."

"உப்பு டப்பாவுல இருக்கு டாக்டரம்மா, குறைச்சிரலாம். கோவம் எங்கன இருக்குன்னு எனக்கே தெரியலையே. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது."

அவர் சிரித்தார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தப் போகாதீங்க. அப்படிப் போனா எதுவுமே நிக்காது. இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கோபம் வந்தா, பேசுறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிங்க. கோபத்துக்கும் வார்த்தைக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்."

திரும்பி வரும்போது நான்தான் ஸ்கூட்டியை ஓட்டினேன். பின்னால் இருந்து கணவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் காலு?"

அவரை வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்தது.

மறுநாளிலிருந்து வைத்தியத்தை ஒழுங்காக ஆரம்பித்தேன். அதில் ஒரு சிக்கல். தண்ணீர் மடக்கென்று உள்ளே போய்விடுகிறது. வார்த்தை அதன் பின்னாலேயே வெளியே வந்துவிடுகிறது. தொண்டை நனைந்திருப்பதால் முன்னைவிடக் கணீரென்று வேறு வருகிறது. அதனால் நானே ஒரு திருத்தம் செய்துகொண்டேன். தண்ணீரை விழுங்கக் கூடாது. கோபம் இறங்கும் வரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும்.

முதலில் சிக்கியவர் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர். சொட்டுநீர்க் குழாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து கல்லா மேல் போட்டார். "யக்கா, புதுக் குழாயில இம்புட்டு ஓட்டையாக்கா? நல்லா இருக்கா இது?"

குழாயைப் பார்த்தேன். வரிசையாகப் பல் தடம். எலி நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சட்டென்று பாட்டிலை எடுத்து வாயை நிரப்பிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னக்கா, பேச மாட்டேங்கிறீக?"

பார்த்தேன்.

"கம்பெனிக்காரங்கிட்டச் சொல்லி மாத்திக் குடுக்க மாட்டீகளா?"

பார்த்தேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கும்னு நெனைக்கிறீகளோ? எங்க தோட்டத்துல எலி ரொம்பக் கெடையாது." பல் தடத்தை விரலால் தடவினார். "இருக்கும். ஒண்ணு ரெண்டு இருக்கும்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரிக்கா, எலிதேன். புதுசா ஒரு சுருள் குடுங்க" என்றார்.

நான் தண்ணீரை விழுங்கினேன். இத்தனை வருஷம் கத்தி ஜெயிக்காத வழக்கை ஒரு வாய்த் தண்ணீர் ஜெயித்துவிட்டது.

ஆனால் பஜாரில் பேச்சு பரவிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மௌன விரதம் இருக்கிறேன் என்று ஒரு கட்சி. எதிர்க் கட்சிக்குத் தலைவர் பக்கத்துக் கடை அண்ணன். பாத்திரக்கடை வைத்திருக்கிறார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தன் அண்டாக்களை எங்கள் வாசலில் அடுக்குவது அவர் வழக்கம் என்பதால், அவரைப் பார்த்தாலே என் கை பாட்டிலுக்குப் போகும். ஆகவே என்னை அவர் உப்பிய கன்னத்தோடு மட்டுமே பார்த்தார்.

"தங்கச்சி, பல்லு வலி இவ்வளவு நாளா இருந்தா ஆகாதும்மா. சபையில உனக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். நான் வாயில் தண்ணீரோடு கும்பிட்டேன். அவர் கண் கலங்கிப் போனார்.

வீட்டில் நிலைமை வேறு. என் கணவர் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறவர். போட்டார். திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். தானாகவே துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். ஆகா என்று இருந்தது எனக்கு.

அதன்பிறகு அவர் கேட்காமலே உண்மைகளைச் சொல்ல ஆரம்பித்தார். ஏணியை இரவல் கொடுத்து அது திரும்பி வராததைச் சொன்னார். மிக்ஸி மூடியை உடைத்தது பூனை இல்லை, தான்தான் என்றார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, என்னைவிடக் கேசரியைத்தான் அதிகம் பார்த்தாராம், அதையும் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். அவர் சாப்பாடு குறைந்தது. வாசலில் செருப்பு இரண்டும் ஜோடியாக நிற்க ஆரம்பித்தன.

பஜாரில் இந்தக் குட்டு உடைந்தது ஒரு சந்தடியான காலை வேளையில். ஏணி இல்லாததால் ஸ்டூல் மேல் ஏறி, மேல் தட்டிலிருந்து அவர் ஒரு பைப்பை உருவினார். ஒன்றை உருவ, கட்டு முழுதும் சரிந்தது. பைப்புகள் படியில் உருண்டு, வாசலைத் தாண்டி, பாத்திரக்கடை அண்ணனின் அண்டா அடுக்கில் போய் மோதின. அண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் இறங்கி ஓடின. ஒரு அண்டா ஷேர் ஆட்டோவை நிறுத்தியே விட்டது. பஜாரே வெளியில் வந்து, அண்டாக்களை விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தது.

என் வாயில் தண்ணீர் ஏற்கெனவே ஏறியிருந்தது.

ஸ்டூல் மேல் நின்றபடியே என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "திட்டிரு ஆத்தா! உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு வார்த்தை திட்டிரு!"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. வாயிலிருந்த தண்ணீர் முழுதும், சண்டை போட வந்து நின்ற பாத்திரக்கடை அண்ணனின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சட்டையைத் துடைக்கக்கூட இல்லை. "தங்கச்சி வாயைத் தொறந்துருச்சே! ஸ்தோத்திரம்!" என்று கூவினார்.

அடுத்த முறை கிளினிக்கில் எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா முழங்காலைப் பார்த்து மாத்திரை எழுதிவிட்டு, கையோடு என் கணவர் கையிலும் பட்டையைச் சுற்றினார். அவருக்கு ஏறியிருந்தது.

"என்ன கவலை உங்களுக்கு?"

"இவ இன்னும் திட்ட மாட்டேங்கிறா டாக்டரம்மா. மோட்டாரு சத்தம் போட்டுக்கிட்டு ஓடுனா நிம்மதியா இருக்கலாம். சத்தம் நின்னு போச்சுன்னா, எங்கன என்ன பழுதுன்னு நெஞ்சு அடிச்சுக்கிருமா, இல்லையா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் என் கோபத்தை அடக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் கட்டி அவர் தலையில் வைத்திருக்கிறேன்.

"தண்ணியைக் குடிக்கத்தான் சொன்னேன். வாயை அடைக்கச் சொல்லலை" என்றார் டாக்டரம்மா. "முழுங்கிட்டு, வேண்டியதை மெதுவாச் சொல்லுங்க. ஆமா, கோபம் எப்ப அதிகமா வருது?"

"காலையில, கடை தொறந்ததும்."

"காலைச் சாப்பாடு?"

"கூட்டம் ஓய்ஞ்ச பெறகு, மத்தியானத்தை ஒட்டி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அது கோபம் இல்லைங்க. பசி."

இப்போது விடிந்ததும் இருவரும் வீரபாண்டி ரோட்டில் நடக்கிறோம். நான் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டு, அவருக்காகத் திரும்பி வருகிறேன். அதனால் எனக்கு நடை இரட்டிப்பு. முடிந்ததும் இட்லிக் கடை. மெதுவாகப் பேசுவது மட்டும் இன்னும் சரியாகக் கைவரவில்லை. நேற்று அவர் இன்னொரு வடைக்குக் கை நீட்டினார். நான் தண்ணீரைக் குடித்து, ஒழுங்காக விழுங்கி, தேனொழுகக் கேட்டேன்: "ஏங்க, அது உங்களுக்கு வேணுமா?"

அவர் பயந்துபோய் வடையை என் இலையில் வைத்துவிட்டார். சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.