ஆயிரம் மீட்டருக்கு மேலே

கல்லூரிக் கோடை விடுமுறையில் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோதுதான் ஒட்மார் விலிச்சை முதலில் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதை அறிமுகமான ஐந்தாவது நிமிஷத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். வெட்டு இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லது. விரல் பத்திரம்," என்றார். அடுத்த பிப்ரவரியில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். விட்டுப்போனதை அவரோடு வேலை பார்த்த யுட்டா சொன்னாள்.

ஒட்மார் பிறந்தது ஹங்கேரி எல்லையோரத்துச் சமவெளியில். திராட்சைத் தோட்டம், நாணல், ஓயாத காற்று. மேடு என்றால் ஏரிக்கரைதான். நாற்பத்தாறு வயதாகியும் காலில் சறுக்குப்பலகை மாட்டியதில்லை. ஆஸ்திரியாவில் பிறந்துவிட்டு இதை வெளியில் சொல்ல முடியுமா? தொழிற்சாலையில் வருஷத்துக்கொருமுறை எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவார்கள். பதினெட்டு வருஷமாக அந்த நாள் பார்த்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் இடுப்பு பிடிக்கவில்லை. வெட்டுப் பிரிவிலும் கிடங்கிலுமாக ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒன்றரை மாதமாகப் பேச்சு.

"வராதவன் பேருதான் அவங்களுக்கு மொதல்ல ஞாபகம் வரும்," என்றாள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யுட்டா. "மரியாதையா பஸ்ல ஏறு."

ஏறினார். பேச்சு கிளம்பிய நாளிலிருந்தே அவர் அப்படித்தான் இருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

காலை முழுக்கக் குழந்தைகளுக்கான பயிற்சிச் சரிவில் கழிந்தது. யுட்டாவும் அச்சுப் பிரிவு ராய்னரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தினார்கள்.

"முன்பக்கம் சேத்து வை, பின்பக்கம் விரி! பீட்சாத் துண்டு மாதிரி!"

"யோவ், அது பீட்சாவா? கத்திரிக்கோல்!" என்றான் ராய்னர். "அந்தா போகுது பாரு, நாலு வயசுப் பாப்பா. அதுகிட்டப் போயி கத்துக்க."

பதினோரு முறை விழுந்தார். பன்னிரண்டு மணிக்குக் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கையுறைக்குள் விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

மதியம், "இனி மேல போகலாம்," என்றாள் யுட்டா. கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும் நாற்காலி லிஃப்ட்டின் வரிசையில் தள்ளுமுள்ளு. அவளும் ராய்னரும் முன்னால் ஏறிவிட, அடுத்த நாற்காலியில் ஒட்மாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தொழிற்சாலை மேலாளர் ப்ராண்ட்னர். தடுப்புக் கம்பி இறங்கியது. இருவரும் அந்தரத்தில்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டினால் 'நீங்க' கிடையாது. முதலாளியானாலும் மூட்டை தூக்குபவரானாலும் 'நீ'தான், பெயர்தான். கீழே இறங்கியதும் பழையபடி.

ஒரு தூணில் ஆயிரம் என்று எழுதியிருந்தது. அதைக் கடந்ததும் மேலாளர் சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார். பேரிக்காய்ச் சாராயம்.

"நான் கெர்னோட்."

"ஒட்மார்."

"தெரியும். முதல் தடவையா?"

"ஆமா."

"எப்படி இருக்கு?"

"காலு இருக்கான்னே தெரியல."

கெர்னோட் சிரித்தார். ஒட்மார் ஒரு மிடறு குடித்தார். தொண்டையில்கூட எதுவும் சுடவில்லை. மணி கேட்பதுபோலக் கேட்டார்:

"கெர்னோட், அந்த ஆறு பேர்ல நான் இருக்கேனா? உனக்குத் தெரியுமே."

கெர்னோட் புட்டியின் மூடியை மெதுவாகத் திருகினார். "கீழ வச்சு இதைக் கேட்டிருந்தா, திங்கட்கிழமை கடிதம் வரும்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப கீழ இல்லையே."

"இல்ல." புட்டியைப் பையில் போட்டார். "ஆமாப்பா. உன் பேரு இருக்கு."

ஏதாவது வரும் என்று ஒட்மார் காத்திருந்தார். கோபமோ, அழுகையோ. காலடியில் ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"பனி நல்லா விழுந்திருக்கு," என்றார்.

"ஆமா, இந்த வருஷம் நல்லா விழுந்திருக்கு."

உச்சியில் எழுந்திருக்க வேண்டும் என்பதே நினைவில்லை. கடைசி நொடியில் எழுந்து முகங்குப்புற விழுந்தார். லிஃப்ட்டை இயக்கும் ஆள் அதை நிறுத்திவிட்டுக் கத்தினான். வரிசையாகத் தொங்கிய அத்தனை பேரும் பார்க்க, மேலாளர் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"எந்திரி, எந்திரி. இங்கயே கிடக்காத."

கீழே இறங்குகையில் ஒருமுறைகூட விழவில்லை. சரிவு முழுக்கப் பலகைகளை விரித்தபடியே, வளைவில் வளைந்து, நேரில் நேராக வந்து நின்றார். "பயமே இல்லாம வர்றாரேய்யா!" என்று ராய்னர் கையைத் தட்டினான். பயப்படத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பூட்ஸ் கழற்றும் அறையில் அவருடைய விரல்கள் மடங்க மறுத்தன. யுட்டா அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"விடு, நான் பாக்குறேன். லிஃப்ட்ல என்ன அவ்வளவு பேச்சு ரெண்டு பேரும்?"

"பனியப் பத்தி."

முதல் கொக்கி கழன்றது. இரண்டாவதும்.

"நான் பட்டியல்ல இருக்கேன், யுட்டா."

அவள் கை நின்றது. பிறகு மூன்றாவது கொக்கியைக் கழற்றியது.

"என்னப் பத்திக் கேட்டியா?"

"கேக்கல."

"நல்லதாப் போச்சு." பூட்ஸை உருவினாள். "அந்தக் காலக் குடு."

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மேலாளர் தன் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "விலிச் சார், முதல் நாளுக்கு ரொம்ப நல்லாவே சறுக்கினீங்க," என்றார்.

"நன்றிங்க, ப்ராண்ட்னர் சார்."

வழி நெடுகப் பாட்டு. யுட்டா மட்டும் பாடவில்லை. கொண்டுவந்த ரொட்டியில் பாதியை ஒட்மாரிடம் கொடுத்தாள். அவர் தின்றார். பாலாடைக்கட்டியா, இறைச்சியா என்று பின்னாளில் கேட்டபோதும் அவரால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. யுட்டாவுக்கு வரவில்லை. அவள் இன்னும் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஒட்மார் இப்போது லின்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். கொதிகலன், கதவுப் பூட்டு, எரியாத விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.