அஞ்சலாட்சிக்கு வந்த அருள்

வஞ்சிரத்துக்கு விலை சொல்லிக்கொண்டே துண்டு போட்டுப் பையில் கட்டிவிடுவாள் அஞ்சலாட்சி. வாங்க வந்தவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மீன் அரிவாளுக்கு வந்திருக்கும். ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டும் துரும்பாக இருப்பாள், மார்கழியிலும் வேர்க்கும். பிள்ளைச்சாவடிக் குப்பத்துப் பெண்கள் வயிறெரிந்தார்கள். "எனக்கு ஒடம்புல மோட்டாரு ஓடுதுடி" என்பாள்.

தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது, மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். "வேல செய்றதுகூட ஒரு வியாதியா?" என்றாலும் தவறாமல் போட்டுக்கொண்டாள்.

சுனாமிக்கு அடுத்த ஆடியில் மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாள். காப்போடு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்பது தெருவின் சட்டம். டாக்டருக்கு அது தெரியாது, இவளும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. கை நடுங்கியது, கண் பிதுங்கியது, பேச்சு தாறுமாறானது. தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த உருப்படியான வைத்தியம் அது ஒன்றுதான். "எம்பொண்ணுக்குக் கல்யாணம் எப்பம்மா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கமலவேணி. "ஆவணில... ஆவணில..." என்று உளறியபடியே அஞ்சலாட்சி சரிந்தாள்.

"சாமி மலையேறட்டும், தொடாதீங்க" என்றார் பூசாரி.

"சாமி கோச்சிக்கினா நான் பாத்துக்குறேன்" என்று புருஷன் தட்சிணாமூர்த்தி அவளை வாரி ஆட்டோவில் போட்டான்.

அவசரப் பிரிவில் நாடித் துடிப்பு நூற்றெண்பது. "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்று சீறினார் டாக்டர்.

"நிறுத்தலீங்க. காப்ப அவுத்துட்டுப் போட்டுக்கலாம்னு பத்திரமா வெச்சிருக்கா."

மூக்குக் குழாயில் மருந்து, கையில் ஊசி, மேலெல்லாம் ஐஸ். செத்துப் பிழைத்து நாலாம் நாள் கண் திறந்தாள்.

அதோடு விட்டார்களா? கமலவேணி மகளுக்கு ஆவணியிலேயே கல்யாணம் முடிந்து தொலைத்தது. டாக்டர் பேச்சு அதற்குப்பின் தெருவில் எடுபடவில்லை. மறு ஆடிக்கு வீடு, வேலை, குழந்தை வரம் என்று ஆளுக்கொரு கேள்வியோடு அம்மன் வாக்குக்குக் காத்திருந்தார்கள். தட்சிணாமூர்த்தியோ ஆட்டோக்காரனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தான்.

காப்புக் கட்டும் நாள். பூசாரி மஞ்சள் கயிற்றை முடிந்துவிட்டு, தீர்த்தச் சொம்பை எடுத்தார். அஞ்சலாட்சி நீட்டிய உள்ளங்கையில் மாத்திரை இருந்தது.

அவர் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவள் கையை எடுப்பதாக இல்லை. மாத்திரை நனைகிற அளவுக்குத் தீர்த்தம் ஊற்றினார்.