ஐந்து நிமிடத்தில் போன படகு

கிரேக்கக் கடலில் இருக்கும் எங்கள் காசோஸ் தீவிலிருந்து பக்கத்துத் தீவான கார்ப்பதோஸுக்கு விமானத்தில் ஐந்து நிமிடம். இடுப்புப் பட்டையை மாட்டி நிமிர்வதற்குள் கழற்றச் சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தை ஓட்டாண்டியாக்கப் போதும் என்று காட்டியவள் என் பக்கத்து வீட்டு செவாஸ்தி.

அறுபது வயது வரை அவள் விமானம் ஏறியதில்லை. "கோழிக்குக்கூடத்தான் ரெக்கை இருக்கு, அது பறக்குதா?" என்பாள். கார்ப்பதோஸில் இருக்கும் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பார்த்துக் கடலில் பேய்க்காற்று; கப்பல் நின்றுபோனது. வேறு வழியில்லாமல் ஏறினாள். கையைப் பிடித்துக்கொள்ள நானும் ஏறினேன். முன் இருக்கையில் எங்கள் ஊர்ப் பாதிரியார்.

சக்கரம் தரையை விட்டதும் புனித ஸ்பிரிதோனுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். விமானம் குலுங்கியது, மெழுகுவர்த்தி அவள் உயரத்துக்கு வளர்ந்தது. மறுபடி குலுங்கியது, இரண்டு ஆடு சேர்ந்தது. ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாளோ இல்லையோ, "எங்க படகையே எடுத்துக்கோ சாமி!" என்று அலறினாள். உடனே விமானம் இறங்கிவிட்டது. வழக்கம்போல எல்லோரும் கை தட்டினோம். பாதிரியார் திரும்பி, "நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். சிக்கல் படகில்தான். அது அவள் கணவர் எலியாஸின் உயிர். ஈஸ்டருக்கு முன் வருடம் தவறாமல் அதற்கு நீலம் பூசுவார். வீட்டுச் சுவர் சுண்ணாம்பைக் கண்டு எத்தனையோ காலம். "நானா படகான்னு கேட்டா, இந்த மனுஷன் யோசிச்சுத்தான் சொல்வான்" என்பது செவாஸ்தியின் பழைய பாட்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

விஷயம் தெரிந்ததும் எலியாஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"அஞ்சு நிமிஷத்துல படகு! ஏதென்ஸ் வரைக்கும் போயிருந்தா என்னையும் சேத்துக் குடுத்திருப்பே!"

"உன்ன யாரு வாங்குவா?"

பஞ்சாயத்து பாதிரியாரிடம் போனது. "படகு யாரோடதோ, அவர் வாயால நேர்ந்தாத்தான் செல்லும்" என்றார். அன்று காப்பிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் எலியாஸ் கணக்கில் காப்பி.

பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு நாங்கள் கிளம்பும்போதும் அதே காற்று, அதே விமானம். ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரியார் மறுபடி முன் இருக்கையில். எலியாஸுக்கு அதுதான் முதல் பயணம். "கண்ண மூடித் திறந்தா ஊரு. இதுக்குப் போய் ஒரு படகா?" என்று மனைவியைக் கிண்டலடித்தபடி உட்கார்ந்தார்.

நடுக்கடலுக்கு மேலே விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல் சட்டென்று தாழ்ந்தது. செவாஸ்தி முகம் வெளுத்து அவர் தோளில் சாய்ந்தாள். எலியாஸ் கண்களை இறுக்கி மூடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் உடைந்து வெளியே வந்தது.

"படக எடுத்துக்கோ சாமி! இவள மட்டும் பத்திரமாக் கீழ இறக்கிடு!"

விமானம் அதற்குள் இறங்கி, ஓடி, நின்று, கதவும் திறந்திருந்தது. நாங்கள் கை தட்டியதுகூட அவர் காதில் விழவில்லை. பாதிரியார் திரும்பவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

"கண்ணத் திற, இறங்கியாச்சு" என்றாள் செவாஸ்தி.

அவர் வெட்கத்தோடு எழப் பார்த்தார். அவளோ அவர் கையை விடவில்லை.

"உக்காரு. இன்னொரு தடவ சொல்லு."